அக்கா மிதித்த பிரேக்

என் வீட்டுக்காரருக்கு ‘மீட்டர்’ என்று பெயர். ஒயர் சோதிக்கும் மீட்டர் கையில் இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் குறைவு. கார்களுக்கு ஒயர் வேலை பார்த்துப் பார்த்தே மனுஷனுக்கு இடுப்பு போய்விட்டது. சீட்டுக்கு அடியில் படுத்தால், எழுப்பிவிட நான் கை கொடுக்க வேண்டும். கடையை மூடிவிட்டு வீட்டில் இருங்கள் என்று தினமும் கத்துகிறேன். யார் காதில் விழுகிறது?

அன்று எங்கள் இரண்டு பேருக்குமே உடம்பு முடியவில்லை. மத்தியானமே ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன். அப்போது பார்த்து ஒரு கார் நின்று நின்று வந்து, எங்கள் வாசலில் மொத்தமாக அணைந்தது. உள்ளே ஓர் அக்காவும் தம்பியும். ஓட்டி வந்தது தம்பி. பக்கத்தில் அக்கா, தையல்காரி. பின் சீட்டில் அவளுடைய தையல் மெஷினும் இரண்டு பெட்டிகளும்.

“ரெண்டு கடையில சென்சார் மாத்தியாச்சுங்க,” என்றான் தம்பி. “நான் தனியா போனா ஓடுது. பொண்டாட்டி, பிள்ளை ஏறினாலும் ஓடுது. அக்கா ஏறினா மட்டும்...”

மிச்சத்தை அக்காவே சொன்னாள். “நான் ராசி கெட்டவளாம். நான் ஏறினா ஓடற வண்டியும் நிக்குமாம். இவன் பொண்டாட்டி சொல்லிட்டா. அதான் லேடீஸ் ஹாஸ்டலுக்குப் போறேன்.”

எனக்குச் சுருக்கென்றது. “நீ என்னப்பா சொன்னே?” என்று தம்பியைக் கேட்டேன். அவன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். அம்மா இல்லாத வீட்டில் இவனைத் தூக்கி வளர்த்தவளாம் அவள். நல்லா வாய்த்தான் தம்பி!

மீட்டர் பெருமூச்சு விட்டுக்கொண்டு ஸ்கேனரைச் செருகினார். என்ஜின் சுற்றுவதைச் சொல்லும் சென்சாரிலிருந்து சிக்னல் விட்டு விட்டு வருவதாக அது காட்டியது. “சென்சார் புதுசு. அப்ப நடுவுல ஒயர்தான் ஏமாத்துது,” என்று முனகினார். அந்த ஒயர், இடது முன் சீட்டில் கால் வைக்கும் இடத்தைத் தாண்டி வண்டியின் கம்ப்யூட்டருக்குப் போகிறது. இரண்டு முனையையும் கழற்றி மீட்டரை மாட்டினார். ‘பீ’ என்று விடாமல் கத்தியது. ஒயர் அறுந்திருந்தால் கத்தாது. ஆட்டினார், இழுத்தார். கத்திக்கொண்டே இருந்தது.

அப்படியே சாய்ந்து கண்ணை மூடினார். தூங்கியே விட்டார் என்று நினைத்தேன்.

“நீங்க ஏறி உக்காருங்கம்மா,” என்று அக்காவிடம் சொன்னார்.

“நான் எதுக்குங்க? வேணாம்.”

“நீங்க ஏறினாத்தானே நிக்குது? நீங்க இல்லாம நான் எப்படிக் கண்டுபிடிக்கறது?”

கூசிக்கொண்டே ஏறினாள். ஒயரில் மாட்டிய மீட்டர் கத்தியது. தம்பியையும் ஸ்டீயரிங் பிடித்து உட்காரச் சொன்னார். அப்போதும் கத்தியது.

“டேய், எதிர்ல லாரி!” என்று திடீரென்று அலறினார் என் வீட்டுக்காரர்.

அக்காவின் கால் தரையை ஓங்கி மிதித்தது. மீட்டரின் ‘பீ’ சத்தம் நின்றது.

கால் விரிப்பைத் தூக்கினோம். ஒயரின் மேல் உறை நன்றாகத்தான் இருந்தது. உள்ளே செம்பு முறிந்திருந்தது. மிதித்தால் விலகும், காலை எடுத்தால் ஒட்டிக்கொள்ளும்.

“ஏன்க்கா மிதிக்கறே? அங்க ஏது பிரேக்?”

“நீ சைக்கிள் கத்துக்கிட்ட நாள்லேர்ந்தே எனக்குப் பயம்டா. நீ வேகமா போனா கால் தானா மிதிக்குது.”

ராசியாம், ராசி! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மீட்டர் புது ஒயர் வைத்து, ஈயத்தால் பற்றவைத்து, ஓரமாக ஒதுக்கிக் கட்டினார். “இனிமே எவ்வளவு வேணா மிதிங்கம்மா,” என்றார். நான் கை கொடுத்து அவரை எழுப்பினேன்.

தம்பிக்கு முகமெல்லாம் சிரிப்பு. “வாக்கா, வீட்டுக்கே போயிடலாம். ஒயர்தான்னு அவகிட்ட நான் சொல்றேன்.”

அக்கா அவனையே பார்த்தாள். கோபம் கூட இல்லை, களைப்புதான் தெரிந்தது.

“ஒயருன்னு தெரியறதுக்கு முன்னாடி நீ ஒண்ணுமே சொல்லலையேடா. ஹாஸ்டல்லயே விட்டுடு.”

முன் சீட்டில்தான் ஏறினாள். தெருமுனையில் அவன் வழக்கம்போல வேகமாகத் திரும்பினான். அவள் கால் மிதித்திருக்கும். வண்டி நிற்காமல் போய்விட்டது.