தட்டில் மிஞ்சிய ஒரு சீட்டு

ஆண்டவர் சொல்லாத ஒன்றை, ஆண்டவர் சொன்னதாக என் தங்கையை நம்பவைத்தேன். பதின்மூன்று ஆண்டுகளாக அவள் அந்தப் பொய்யின்மேல்தான் நிற்கிறாள். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

படிக்கிற நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. தெரியாததால்தான் சொல்ல முடிகிறது... முகம் தெரிந்தவர்களிடம் சொல்லும் துணிவு எனக்கு இல்லை. அதையும் முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

எனக்கு இப்போது அறுபத்து நான்கு வயது. திண்டுக்கல்லிலிருந்து செம்பட்டி போகிற சாலையை ஒட்டிய ஒரு சிற்றூரில் ஆரம்பப்பள்ளி ஆசிரியனாக முப்பத்தோர் ஆண்டுகள் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். எதையும் எண்ணாமல் என்னால் இருக்க முடியாது. வீட்டு வாசலிலிருந்து கோயில் வாசல்வரை இருநூற்றுப் பன்னிரண்டு எட்டு. கோயில் கூரையைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் பதினேழு. பிரசங்கம் நீளும்போது அவற்றை எண்ணிக்கொண்டிருப்பேன். சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். இந்தப் புத்திதான் என்னை அந்தக் காரியம் செய்யவைத்தது.

அந்தக் காலத்தில் மழை இரண்டு வருடம் சேர்ந்தாற்போல் பொய்த்திருந்தது. ஊர்ப் பொதுக்கிணற்றில் முப்பத்தொரு படிகள். மேலிருந்து எண்ணினால் தண்ணீர் இருபத்தொன்பதாம் படியில் கிடந்தது. தக்காளி போட்டிருந்தவர்கள் செடியைப் பிடுங்கி ஆட்டுக்குப் போட்டார்கள். எங்கள் வீட்டில் வேறொரு வறட்சி. என் மனைவி ஞானத்துக்கு க்ஷயரோகம். விடியற்காலையில் அவள் இருமுவதைப் படுக்கையிலிருந்தே எண்ணுவேன். இருபதுக்குள் நின்றால் நல்ல நாள். நாற்பதைத் தாண்டினால் பள்ளிக்கூடத்தில் எனக்குப் பிரம்பு அதிகம் வேலை செய்யும்.

மூன்று பிள்ளைகள். கடைக்குட்டிக்கு ஒன்பது வயது. அத்தனை பேரையும் தாங்கியவள் என் தங்கை எஸ்தர். என் தகப்பனாரின் இரண்டாம் தாரத்து மகள், என்னைவிட மிகவும் இளையவள். இருபத்திரண்டில் புருஷனை இழந்து எங்களிடம் வந்தவள். அப்போது அவளுக்கு இருபத்தேழு.

நான் ஜெபித்தேன். ஜெபிக்காமல் இல்லை! காலையில் இருபது நிமிடம், மாலையில் இருபது நிமிடம். முதலில் ஞானத்தின் நெஞ்சு, இரண்டாவது மழை, மூன்றாவது பிள்ளைகள் என்று வரிசை போட்டுக் கேட்பேன். ஒருநாள் மாலை நான் முழங்காலிலிருந்து எழுந்ததும், முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த எஸ்தர் சிரித்துவிட்டாள்.

"அண்ணே, கோவிச்சுக்கிராதீக. ஆண்டவரும் செத்த நேரம் பேசட்டுமே. நீங்க மூச்சு விடாம ஒப்பிச்சிட்டு ஆமென் போட்டு எந்திரிச்சிர்றீக. அவரு பாவம், வாயத் தொறக்குறதுக்குள்ள நீங்க பாயச் சுருட்டிர்றீக."

கட்டிலில் கிடந்த ஞானமும் சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறியது. நான் எண்ணத் தொடங்கிவிட்டேன்.

அந்த மார்கழியில் எஸ்தருக்கு ஒரு கடிதம் வந்தது. எங்கள் போதகர் அவளுக்காக ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்கு எழுதியிருந்தார். தாதிப் பயிற்சிக்கு அவளை எடுத்துக்கொள்வதாகப் பதில். மூன்று வருடப் படிப்பு. தை பிறப்பதற்குள் சம்மதம் தெரிவிக்க வேண்டும். அடுத்த ஆண்டு என்றால் வயது கடந்துவிடும், சேர்க்கமாட்டார்கள்.

ஞானம் உடனே சொல்லிவிட்டாள். "அவளப் போகச் சொல்லுங்க. நம்ம பாட்ட நாம பாத்துக்கிருவோம்."

எப்படிப் பார்த்துக்கொள்வோம்? யார் பொங்குவது? யார் ஞானத்தின் எச்சில் சட்டியைக் கழுவுவது? "நீயே யோசிச்சுக்கம்மா" என்று மட்டும் எஸ்தரிடம் சொன்னேன். பெருந்தன்மை மாதிரி இருக்கிறதல்லவா? அவளே இருந்துவிடுகிறேன் என்று சொல்லவேண்டும் என்பதற்காகச் சொன்னது அது.

அவள் அப்படிச் சொல்லவில்லை. "வருசப் பிறப்பு வருதுல்லண்ணே. சீட்டுல ஆண்டவரு என்ன சொல்றாரோ அப்படிச் செய்யிறேன். போன்னா போறேன். இருன்னா இருக்கேன்" என்றாள்.

சீட்டு என்பது எங்கள் சபையின் வழக்கம். புத்தாண்டுக் காலை ஆராதனை முடிந்ததும், ஒரு பித்தளைத் தட்டில் வாக்குத்தத்தச் சீட்டுகளைப் பரப்பி வெள்ளைத் துணியால் மூடி வைப்போம். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு வேத வசனம். ஒவ்வொருவராக வந்து துணிக்கு அடியில் கைவிட்டு ஒன்றை எடுக்கவேண்டும். அந்த வருடம் முழுவதும் ஆண்டவர் தனக்குச் சொல்லும் வார்த்தை அதுதான் என்று வைத்துக்கொள்வார்கள். சீட்டுகளை எழுதுவதும் நான், தட்டைப் பிடித்து நிற்பதும் நான். ஆளுக்கொன்று வீதம் எண்ணி எழுதுவேன். மிச்சமும் இராது, குறையும் இராது. எழுதியவன் வீட்டார் கடைசியில்தான் எடுக்கவேண்டும் என்று நானே ஒரு விதியும் வைத்திருந்தேன்... நேர்மைக்காக!

அட்டை வாங்கத் திண்டுக்கல் கடைவீதிக்குப் போனேன். அங்கே ஜவுளிக்கடை வைத்திருந்த ராவுத்தர் ஒருவர், சட்டைத் துணி வரும் அட்டைப் பெட்டிகளை எனக்காக எடுத்து வைத்திருப்பார்.

"வருசா வருசம் இம்புட்டு அட்டைய வாங்கிட்டுப் போய் என்னதான் செய்றீக வாத்தியாரே?"

"ஆண்டவர் வார்த்தையை எழுதுறோம் பாய். புத்தாண்டுக்கு ஆளுக்கொரு வார்த்தை."

"நல்ல காரியம்தான். ஆனா எல்லாருக்கும் உங்க கையெழுத்துலயே வருதே, அதப் பத்தி உங்க ஆண்டவரு ஒண்ணும் சொல்றதில்லையா?" என்று கண்ணைச் சிமிட்டினார்.

நானும் சிரித்தேன். பேருந்தில் திரும்பி வரும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த எண்ணம் அங்கேதான், தோல் மண்டிகளின் நாற்றம் சன்னல் வழியே வந்துகொண்டிருந்தபோதுதான், முழு உருவமாக எனக்குள் வந்து உட்கார்ந்தது.

அந்த வருடம் எண்பத்தோரு பேர். எண்பத்தோரு சீட்டு எழுதினேன். பிறகு எண்பத்திரண்டாவதாக ஒன்று எழுதினேன். நீ இருக்கிற இடத்திலேயே தங்கியிரு, அங்கே உன்னை ஆசீர்வதிப்பேன் என்ற பொருளில் வரும் வசனம் அது. அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஆராதனை முடிந்தது. பிள்ளைகள் எடுத்தார்கள், ஆண்கள் எடுத்தார்கள், பெண்கள் எடுத்தார்கள். ஞானத்துக்காகப் போதகர் ஒன்று எடுத்துக் கொடுத்தார். என் மூன்று பிள்ளைகளும் எடுத்தார்கள். நானும் எடுத்தேன். எண்பது. துணிக்கு அடியில் ஒரே ஒரு சீட்டு மிஞ்சியிருந்தது. எஸ்தர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு என்னை நோக்கி நடந்து வந்தாள். பத்துப் பன்னிரண்டு எட்டு இருக்கும்.

பைக்குள் இருந்த சீட்டை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு, துணியைச் சீர்படுத்துகிறவன்போல் கையை உள்ளே விட்டேன்.

இங்கேதான் நீங்கள் என்னை நன்றாகப் பார்க்கவேண்டும். என் வாழ்நாளில் ஒரே ஒரு முறை, அந்த நொடியில், எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கும் எண்ணிக்கை நின்றது. எண்பதோடு நின்றுபோயிற்று. உள்ளே அப்படியோர் அமைதி! அந்த அமைதியில், வேண்டாம் என்பது எனக்குத் தெரிந்தது. காதில் கேட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் தெரிந்தது, ஐயத்துக்கு இடமில்லாமல். அதட்டல் இல்லை, மிரட்டல் இல்லை. என்னைப் பெயர் சொல்லி அறிந்த ஒருவர் பக்கத்தில் நின்று சொன்னதுபோல... வேண்டாம்.

ஐந்து வருடம் ஞானத்துக்காகக் கதறியபோது பேசாதவர், அன்றைக்குப் பேசினார். நான் கேட்டேன். கேட்டுவிட்டு, சீட்டை மாற்றினேன்.

என் பாவம் ஏமாற்றியது மட்டும் என்று நினைத்தீர்களா? எனக்கும் அப்படித்தான் சில வருடம் தோன்றிக்கொண்டிருந்தது. ஆண்டவர் குரல் எனக்குக் கேட்பதில்லை, நான் செவிடன், அதனால் தவறிவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய்! நான் செவிடன் இல்லை.

எஸ்தர் சீட்டைப் படித்தாள். அங்கேயே நின்று இரண்டு முறை படித்தாள். முகத்தில் ஏதோ ஒன்று அணைந்தது. பிறகு வேறு ஏதோ ஒன்று வந்து அந்த இடத்தில் தங்கியது. "சரி ஆண்டவரே" என்றாள். என்னிடம் சொல்லவில்லை. என் தலைக்கு மேலே பார்த்துச் சொன்னாள்.

நான் எடுத்து மறைத்த சீட்டை வீட்டுக்கு வந்ததும் அடுப்பில் போட்டேன். படிக்கவில்லை. எல்லாவற்றையும் எண்ணிக் கணக்கு வைக்கிற நான், அவளுக்கு உண்மையில் வந்த அந்த ஒரு வார்த்தை என்னவென்று பார்க்காமலே எரித்துவிட்டேன். போ என்றிருந்ததா? இரு என்றேதான் இருந்ததா? இரண்டும் இல்லாமல், பயப்படாதே என்று மட்டும் இருந்ததா? எனக்குத் தெரியாது... இனி ஒருபோதும் தெரியாது.

ஞானம் அடுத்த ஐப்பசியில் இறந்துபோனாள். மழை கொட்டிக்கொண்டிருந்தது. பிள்ளைகளை எஸ்தர் வளர்த்தாள். மூவரும் படித்து வேலைக்குப் போய்விட்டார்கள். இப்போது வீட்டில் நானும் அவளும்தான். பொய்யிலிருந்தும் நன்மையை உண்டாக்க ஆண்டவரால் முடியாதா என்று நீங்கள் கேட்கக்கூடும். முடியும், நானும் நம்புகிறேன். ஆனால் அதை என் வாயால் சொல்லும்போது, களவாடியவனே பங்கு பிரித்துக் கொடுப்பதுபோல் இருக்கிறது.

ஊரில் யாருக்கு என்ன துன்பம் வந்தாலும் இப்போது எஸ்தரிடம்தான் வருகிறார்கள். அவள் புத்திமதி சொல்வதில்லை. பேசவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பாள். போன மாதம் மாதர் சங்கக் கூட்டத்தில் அவளைப் பேசக் கூப்பிட்டார்கள்.

"அண்ணே, கஷ்டகாலத்துல ஆண்டவரு சத்தத்தக் கேக்குறது எப்படின்னு பேசணுமாம். எனக்கு நாலு பேரு முன்னாடி நின்னா நாக்கு ஒட்டிக்கிரும். நான் சொல்றேன், நீங்க அழகா எழுதிக் குடுங்க."

எழுதினேன். வேறென்ன செய்ய? அவள் அரிவாள்மனையில் கத்தரிக்காய் அரிந்துகொண்டே சொன்னாள்.

"மொதல்ல சும்மா இருக்கப் பழகணும்னு எழுதுங்க. அப்புறம்... நம்ம ஆசப்பட்டதயே ஆண்டவரு சொல்ற மாதிரி இருந்தா, கொஞ்சம் சந்தேகப்படணும். நான் அந்தப் படிப்புக்குப் போகணும்னு எம்புட்டு ஆசப்பட்டேன்னு உங்களுக்குத் தெரியாதுண்ணே. நர்சுக உடுத்துற மாதிரி யாருக்கும் தெரியாம ஒரு வெள்ளச் சேலகூட வாங்கி வச்சிருந்தேன். சீட்டுல இருன்னு வந்துச்சு. நான் விரும்பாதது வந்ததாலதான், அது என் மனசு பேசுனது இல்ல, அவருதான்னு எனக்குத் தெரிஞ்சுச்சு. எழுதிட்டீகளா?"

"எழுதிட்டேன்" என்றேன். ஒரு பிழையும் இல்லாமல் எழுதியிருந்தேன். மூன்று பக்கம்.

அன்று மதியம் சாப்பிட உட்கார்ந்தேன். சோற்றைப் போட்டு, கத்தரிக்காய் வெஞ்சனத்தை வைத்தாள். இரண்டு கவளம் உண்டேன். மூன்றாவதைப் பிசைந்துகொண்டே இருந்தேன். சொல்லிவிடலாம் என்று தோன்றியது. அதே அமைதி மறுபடியும் வந்ததுபோல் இருந்தது.

"எஸ்தரு... ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்கண்ணே."

கரண்டியைக் கீழே வைத்தாள். என் எதிரே உட்கார்ந்தாள். அவசரப்படுத்தவில்லை. என்ன என்று மறுபடி கேட்கவில்லை. முழு முகத்தையும் எனக்குக் கொடுத்துக் காத்திருந்தாள். அவளைப்போல் காத்திருந்து கேட்கத் தெரிந்தவர்களை நான் கண்டதில்லை. நான் எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று... இருபத்தாறு வரை போனேன். அவள் இன்னும் காத்திருந்தாள்.

"வெஞ்சனத்துல உப்புக் கம்மி" என்றேன்.

ஒரு துளியை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். ஒரு கணம் யோசித்தாள்.

"அப்படியாண்ணே? எனக்குத் தெரியலயே. நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்."

எழுந்து போய் உப்பு எடுத்துவந்து போட்டுக் கலக்கினாள். உப்பு முன்பே சரியாகத்தான் இருந்தது. இப்போது கரித்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்க, மிச்சம் வைக்காமல் தின்று முடித்தேன்.