பிரேக் இல்லாத பக்கம்

புது வண்டி வீட்டுக்கு வந்த அன்று மாமா செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு அடங்காது. ஏழு பேர் உட்காரும் பெரிய வண்டி, கருஞ்சாம்பல் நிறம், வாசலில் பளபளவென்று நிற்கிறது. சாவியை வாங்கிக்கொண்டு கம்பீரமாக நடந்து போனவர், டிரைவர் பக்கம் போகாமல் அடுத்த பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். பெல்ட்டை மாட்டினார். பக்கத்திலிருந்த காலி சீட்டைப் பார்த்து, "சீட்டை முன்னால இழுத்துக்கங்க. கண்ணாடி சரியா தெரியுதா? கியர் நியூட்ரல்ல இருக்கான்னு பாருங்க" என்றார். பதில் வரவில்லை. அப்புறம்தான் அவருக்கே உறைத்தது. இறங்கி, யாரையும் பார்க்காமல், வண்டியைச் சுற்றிக்கொண்டு டிரைவர் பக்கம் வந்தார். எங்கள் அக்கா வாசற்படியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மாமா, அதாவது என் அக்காவின் வீட்டுக்காரர், டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். இருபது வருஷத்துக்கும் மேலாக அவர் வாழ்க்கை அந்தப் பக்கத்து சீட்டில்தான் ஓடியிருக்கிறது. ஸ்கூல் காரில் அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. பழகுகிறவர்கள் ஏதாவது ஏடாகூடம் செய்தால் இவர் மிதித்து நிறுத்துவார். ஊரில் அவருக்குப் பேரே பிரேக் சார்தான். எங்கள் ஊர் ரோட்டில் ஓடும் வண்டிகளில் பாதியை ஓட்டுகிறவர்கள் அவர் திட்டு வாங்கிப் பழகியவர்கள். டாக்டரம்மா, தீயணைப்பு வண்டி டிரைவர், தபால்காரர் என்று யாரும் பாக்கியில்லை. கடைத்தெருவில் அவர் நடந்து போனால் பெரிய பஸ்கூட வேகத்தைக் குறைத்து ஒரு சின்ன ஹாரன் அடித்துவிட்டுப் போகும். நானும் அவரிடம் கற்றுக்கொண்டவன்தான். கூட நடக்கும்போது அந்த ஹாரனில் பாதி எனக்கும் சேர்த்துத்தான் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொள்வேன்.

இத்தனை பேருக்குக் கற்றுக்கொடுத்த மனுஷனிடம் கற்றுக்கொள்ளாத ஒரே ஆள் அவர் மனைவி. கல்யாணமான புதிதில் அக்காவை ஸ்கூல் காரில் உட்கார வைத்தார். அவள் ஆக்ஸிலரேட்டரைத் தொட்டால் இவர் பிரேக்கைத் தொடுவார். எதிரே நாய் வந்தால் பிரேக். நாய் போன பிறகும் பிரேக். "நான் ஓட்டுறேனா, நீங்க ஓட்டுறீங்களா?" என்று கேட்டுவிட்டு, நடுரோட்டிலேயே வண்டியை நிறுத்தி இறங்கி, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வீட்டுக்கு நடந்து வந்துவிட்டாள் என் அக்கா. அதோடு சரி. அவள் கோபத்தைப் பற்றி எனக்குத் தெரியும். சின்ன வயதில் அதில் நான் வாங்கியது கொஞ்சநஞ்சமில்லை.

அக்கா பள்ளிக்கூடச் சீருடை தைத்துக் கொடுக்கிறாள். முன்னறையில் மூன்று மெஷின், சாப்பாட்டு மேஜை மேல் எப்போதும் ஒரு கால்சட்டை மலை. அந்த மூட்டைகளை வாடகை வேனில் ஏற்றி அனுப்பி அலுத்துப்போய்த்தான் இந்த வண்டி வாங்கும் பேச்சே வந்தது. ஷோரூமுக்குப் போனோம். விற்பனைப் பையன் என்ஜின், குதிரைசக்தி என்று மாமாவிடம் அளந்துகொண்டிருந்தான். அக்கா கையோடு ஒரு சீருடை மூட்டையைக் கொண்டுவந்திருந்தாள். "தம்பி, அந்தக் கடைசி வரிசையை மடக்குங்க" என்றாள். மடக்கினான். மூட்டையைத் தூக்கி உள்ளே போட்டாள். கதவை மூடினாள். மூடிக்கொண்டது. "இதுவே இருக்கட்டும்" என்றாள். குதிரைசக்தி பாதியிலேயே நின்றுவிட்டது.

வண்டி நல்ல வண்டி. அதில் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். மேட்டில் நிறுத்தினால் பின்னால் உருளாமல் தானே பிடித்துக்கொள்ளும். பின்னால் எடுக்கும்போது திரையில் படம் வரும். கடைசி வரிசைக்கும் ஏசி காற்று வரும். இதை நான் அடித்துச் சொல்லலாம், ஏனென்றால் 'ஏழு பேர் உட்காரலாம்' என்ற விளம்பரத்தில் அந்த ஏழாவது ஆள் நான்தான். முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் இருக்கும், ஆனால் காற்று வரும். மாமாவுக்குத்தான் அந்த வசதிகள் பிடிக்கவில்லை. "வண்டிக்கு எதுக்குடா இவ்வளவு புத்தி? ஓட்டுறவனுக்கு இருந்தா போதாதா?" என்பார்.

வாங்கிய வாரமே அவர், "இதை நீதான் ஓட்டணும். நான் கத்துத் தரேன்" என்று அக்காவிடம் சொன்னார். ஆசையாகத்தான் சொன்னார்.

"கத்துக்கறேன். உங்ககிட்ட இல்ல" என்றாள் அக்கா.

போய்ச் சேர்ந்த இடம் எது தெரியுமா? எதிர்த்தெருவில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒருவர் நடத்தும் டிரைவிங் ஸ்கூல். மாமாவும் அவரும் நேருக்கு நேர் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்கள். கறுப்புக் கண்ணாடிக்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கூரையில் அவர் பெயர்ப் பலகை வைத்த காரை அக்கா ஓட்டிக்கொண்டு போவதை ஊரே வேடிக்கை பார்த்தது. மாமாவின் மானம் கப்பலேறிவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். பிள்ளையைச் சேர்க்க வந்த ஒருவர், "என்ன சார், உங்க வீட்டம்மாவே அங்கதான் போறாங்களாமே?" என்று இளித்தார். மாமா சட்டைசெய்யவில்லை. "பல் டாக்டர் தன் பல்லைத் தானே பிடுங்கிக்குவாரா? வேற டாக்டர்கிட்டதான் போவாரு. நீங்க பையனை உக்காரச் சொல்லுங்க" என்றார். அந்தப் பதிலைக் கேட்டபோது எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளத் தோன்றியது. ஆனால் அன்று ராத்திரி அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று அக்கா சொன்னாள்.

அக்கா முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கிவிட்டாள். மாமா "ம்" என்றார். வாழ்த்து அவ்வளவுதான். அதன்பிறகு அவள் வண்டியை எடுக்கும்போதெல்லாம் அவருக்கு வெளியே ஏதோ அவசர வேலை வந்துவிடும். வேலை எல்லாம் அக்கா போகும் திசையிலேயே இருக்கும். ஸ்கூட்டரில் பின்னாலேயே வருவார், எங்களுக்குத் தெரியாதென்று நினைத்துக்கொண்டு. ஒருநாள் பள்ளிக்கூடத்து வாசலில் மூட்டை இறக்கும்போது அக்கா திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "வந்துட்டாரா? மரத்துக்குப் பின்னால நிக்கறாரா?"

"நிக்கறாரு. ஹெல்மெட்டைக்கூடக் கழட்டல."

மூட்டையை அப்படியே வைத்துவிட்டு நின்றாள். "எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்டா. ஒருநாள், ஒரே ஒருநாள், இந்த மனுஷன் என் பக்கத்துல வாயை மூடிக்கிட்டு உக்காந்து வரணும். ஊருக்கெல்லாம் பாஸ் போடறாரு. எனக்குப் போட மாட்டேங்கறாரு."

சொல்லிவிட்டு, மூட்டைக் கயிற்றை அவிழ்க்கிற சாக்கில் குனிந்துகொண்டாள். அக்கா அழுது நான் பார்த்தது குறைவு. எனக்கு மாமா மேல் பொல்லாத கோபம் வந்தது. அன்று சாயங்காலமே போய் நாலு கேள்வி கேட்டேன். மறுநாள் ரோஷத்தோடு வந்து அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார். தெருமுனை வரைகூடப் போகவில்லை. ஓரமாக நின்றிருந்த தள்ளுவண்டியைப் பார்த்ததும் கை தானாகப் போய் ஹாண்ட்பிரேக்கை இழுத்துவிட்டது. வண்டி குலுங்கி நின்றது, பின்னால் இருந்த பித்தான் டப்பா கவிழ்ந்து பித்தானெல்லாம் சீட்டுக்கு அடியில் ஓடின.  அக்கா சாவியை அவர் மடியில் போட்டாள், இறங்கினாள், வீட்டுக்கு நடந்தாள். சமையலறையிலிருந்து ஒரே ஒரு வாக்கியம் வந்தது: "இனிமே என் பக்கத்து சீட் உங்களுக்குக் கிடையாது."

அப்படியே மாதங்கள் போயின. ஒன்று அவர் ஓட்டினார், அல்லது ஸ்கூட்டரில் பின்னால் வந்தார்.

இந்த நிலையில்தான் அவர்கள் மகளுக்குப் பட்டமளிப்பு வந்தது. அவள் படித்தது மலைமேல் இருக்கும் கல்லூரி. எல்லோரும் வண்டியில் போவதென்று முடிவாகியது. ஓட்டப் போவது மாமா. அந்த மலைப்பாதையில் தன்னைத் தவிர யாரையும் அவர் நம்பவில்லை. ஆனால் கிளம்புவதற்கு முதல்நாள் அவர் கழுத்து பிடித்துக்கொண்டது. ஒரு பக்கமும் திரும்பாது. டாக்டரம்மா, அவரிடமே ஓட்டப் பழகியவர், கழுத்துக்குப் பட்டை போட்டுவிட்டு, "வருஷக்கணக்கா ஒரே பக்கம் திரும்பி உக்காந்து திட்டினா கழுத்து என்ன பண்ணும் சார்?" என்றாராம்.

"கழுத்தைத் திருப்பிப் பார்க்க முடியாதவன் ஸ்டீரிங்கைத் தொடக்கூடாது" என்பது அவர் எல்லோருக்கும் முதல் வகுப்பில் சொல்லும் சட்டம். தனக்கென்று அதை மாற்றிக்கொள்ளவில்லை. அந்த நேர்மை அவரிடம் உண்டு. காலையில் வாசலில் நின்று சாவியை என்னிடம் நீட்டினார்.

"நீ ஓட்டுடா."

எனக்கு ஓட்டத் தெரியும். மலையும் ஏறியிருக்கிறேன். ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். "அக்கா இருக்கும்போது நான் எதுக்கு மாமா? எனக்கு என் ஏழாவது சீட்டே போதும்" என்று சொல்லிவிட்டுப் பின்கதவைத் திறந்துகொண்டு ஏறிவிட்டேன். என் மனைவியும் எங்கள் குழந்தைகள் இரண்டும் ஏற்கெனவே நடு வரிசையை நிரப்பிவிட்டார்கள். மிச்சமிருந்தது முன்பக்கம்தான். அக்கா மாமா கையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டாள்.

"முன்னால உக்காருங்க. கை மடியில இருக்கணும். வாய் மூடியிருக்கணும். முடியுமா?"

மாமா தன் இரண்டு கைகளையும் தூக்கி ஒருமுறை பார்த்துக்கொண்டார். "முடியும்" என்றார்.

சமவெளி ரோட்டில் சமாளித்துவிட்டார். லாரிகளை அக்கா முந்தும்போதெல்லாம் தொண்டையைச் செருமினார், அதற்குமேல் ஒன்றுமில்லை. மலை ஏற ஆரம்பித்ததும் நானே எனக்கு முன்னாலிருந்த சீட்டை இறுகப் பிடித்துக்கொண்டேன். மூன்றாவது வளைவுக்குமேல் ஏற்றத்தில் வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. முன்னால் லாரி, பின்னால் பஸ், பஸ்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. மாமாவின் கை மெதுவாக மடியைவிட்டுக் கிளம்பியது. நான் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். பாதி தூரம் போன கை திரும்பி வந்து தொடைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. முன்வண்டி நகர்ந்ததும் அக்கா என்ஜின் திணறாமல், அலுங்காமல் எடுத்தாள்.

லாரி முன்னே போய், பஸ் வெகுதூரம் பின்தங்கிவிட்ட பிறகு, அடுத்த கொண்டை ஊசி வளைவில்தான் அது நடந்தது. மேலேயிருந்து இறங்கிய ஒரு வேன் எங்கள் பாதைக்குள்ளேயே வந்துவிட்டது. அவனால் ஒதுங்க முடியாது, நாங்கள்தான் பின்னால் போயாக வேண்டும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை.  மாமாவால் திரும்பிப் பார்க்க முடியாது. கழுத்து திரும்பாததால் திரையும் சரியாகத் தெரியாது. காலடியில் பிரேக்கும் கிடையாது. அக்கா கண்ணாடிகளைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், அதோடு விடாமல் கழுத்தை முழுக்கத் திருப்பிப் பின்னாலும் பார்த்தாள். பிறகு நிதானமாக, அவசரமே இல்லாமல், வண்டியைப் பின்னால் இறக்கிப் பாறையை ஒட்டி நிறுத்தினாள். வேன்காரன் கையைத் தூக்கிக் கும்பிட்டுவிட்டுப் போனான். 'இவள் என் அக்கா' என்று அந்த வேனை நிறுத்திச் சொல்லலாமா என்றிருந்தது எனக்கு.

மாமா வாயைத் திறக்கவில்லை. நேராகப் பார்த்தபடி இருந்தார்.

இன்னும் சில வளைவுகள் போனோம். திடீரென்று என் மனைவி பதறினாள்: "அண்ணி, அண்ணனைப் பாருங்க! தலை சாஞ்சிருக்கு!" கழுத்துப் பட்டையோடு அவர் தலை கதவுப் பக்கம் சரிந்திருந்தது. பயத்தில் மயங்கிவிட்டாரோ என்று நானும் எழப் பார்த்துக் கூரையில் இடித்துக்கொண்டேன். அக்கா ஓரமாக ஒதுக்கி, அவர் கையைத் தொட்டுப் பார்த்தாள். அப்போது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. மாமா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

இந்த மனுஷன் பஸ்ஸில் ஏறினால் டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ரோட்டைப் பார்க்கிறவர். ரயிலில்கூட விழித்துக்கொண்டு வருகிறவர். யார் ஓட்டினாலும் அவருக்குத் தூக்கம் வந்து நான் பார்த்ததில்லை. அக்காவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.  கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போன்ல ஓடற பாட்டை நிறுத்துடி" என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள். மிச்ச மலையை அவள் ஏறியது போல யாரும் ஏறியிருக்க மாட்டார்கள். ஒரு குலுக்கல் இல்லை.

கல்லூரி வளாகத்தில் நிறுத்திய பிறகும் என்ஜினை அணைக்கவில்லை. அணைத்தால் அவர் முழித்துக்கொள்வார் என்றாள். விழாவுக்கு இன்னும் நேரமிருந்தது. கறுப்பு அங்கி பறக்க மகள் ஓடிவந்து கண்ணாடியைத் தட்டப் போனாள். அக்கா அவசரமாகத் தன் பக்கக் கண்ணாடியை இறக்கி, உதட்டில் விரல் வைத்தாள்.

மகள் உள்ளே எட்டிப் பார்த்தாள். நம்ப முடியாமல் மறுபடியும் பார்த்தாள்.

"அப்பா தூங்கறாரா? ஓடற வண்டியிலயா தூங்கிட்டு வந்தாரு?"

"நான் ஓட்டின வண்டியில" என்றாள் அக்கா.