மூச்சு விடாமல் வாசித்த ஏட்டையா

தொடையில் ஓங்கி ஒரு தட்டு தட்டி, குனிந்து தரையைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டுதான் எங்கள் ஏட்டையா புத்தகத்தைத் திறப்பார். சடுகுடு ஆட்டத்தில் கோட்டைத் தாண்டி எதிராளி பக்கம் பாடிப் போகிறவன் செய்கிற காரியம் அது. அவருக்குப் புத்தகமும் எதிராளி பக்கம்தான். திறந்ததும் நெஞ்சு விம்ம ஒரு மூச்சு இழுப்பார். பிறகு விரலை எழுத்தின் மேல் வைத்துப் புறப்பட்டாரென்றால் நடுவில் நிற்கிற பேச்சே கிடையாது. கழுத்து நரம்பு புடைக்கும், முகம் செம்பருத்தி மாதிரி ஆகும், அந்த மூச்சு தீருகிற இடத்தில்தான் வாசிப்பும் தீரும்.

போன வாரம் ராஜபாளையத்து வாசகசாலைக்காரர்கள் என்னைத் தேடி வந்தார்கள். கோடையில் பெரியவர்கள் வாசிக்கிற மாதிரி, விளையாட்டைப் பற்றிய புத்தகங்களாக நாலு சொல்லுங்கள் என்றார்கள். நான் என்ன பண்டிதனா? போலீசில் லத்தி பிடித்துக் காலம் கழித்தவன். ஆனாலும் ஒரு கோடை முழுக்க அதே வேலையாக நாயாய் அலைந்தவன் இந்த வட்டாரத்தில் நான் ஒருவன்தான் இருப்பேன். வயது வந்தவனுக்கு எதற்கு விளையாட்டுப் புத்தகம் என்று சிரிக்கிறவனைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. அப்படிச் சிரித்தவர்கள் வாயை அடைத்த ஒருவரை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவன்.

ஏட்டையாவுக்குச் சோழபுரம். உழுது பிழைக்கிற சம்சாரி வீட்டுப் பிள்ளை. பட்டாளத்துக்குப் போய், திரும்பி வந்து போலீசில் சேர்ந்தார். பள்ளிக்கூடத்து வாசலை மிதித்தது கிடையாது. கான்சாபுரத்துப் பக்கம் மலையடிவாரத்தில் வழிப்பறிக்காரன் ஒருவன் கத்தியோடு பாய்ந்தபோது, சடுகுடுவில் பாடி வருகிறவனைப் பிடிப்பதுபோல அவன் கணுக்காலை உடும்புப் பிடியாகப் பிடித்து, நாங்கள் போய்ச் சேருகிறவரை விடவில்லை. தோளில் கத்திக்குத்து வாங்கியும் விடவில்லை. அதற்காகத்தான் துரைமார் அவர் கையில் ஏட்டுப் பட்டையைப் போட்டார்கள். எழுத்து வேலையையெல்லாம் ஸ்டேஷன் ரைட்டர் பார்த்துக்கொண்டார். யாராவது மனுவோடு வந்தால், "ரைட்டர்கிட்ட போங்க" என்று வேறு பக்கம் பார்த்தபடி சொல்வார். அப்படிச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கிவிடும்.

நான் அப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் அவருக்குக் கீழே கான்ஸ்டபிள். என் அத்தாவுக்கு ராஜபாளையத்தில் பலசரக்குக் கடை. கடையில் சாமான் மடிக்க வந்த தாளையெல்லாம் வாசித்தே வளர்ந்ததால் எழுத்து எனக்கு நன்றாக வரும். ஏட்டையா என்னை "ராவுத்தரே" என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால்தான் "ஏலே ராவுத்தரே".

அந்த வருஷம் பங்குனியில் புது இன்ஸ்பெக்டர் வந்தார். கெட்ட மனுஷர் என்று சொல்ல மாட்டேன், கறார். வந்த அன்றே, மனுவை வாசிக்கத் தெரியாதவர் ஏட்டாக இருக்க முடியாது, கோடை கழிவதற்குள் தன் முன்னால் ஒரு மனுவை வாசித்துக் காட்டாவிட்டால் பட்டையைக் கழற்றி மறுபடியும் கான்ஸ்டபிளாகப் போட்டுவிடுவேன் என்று சொல்லிவிட்டார். ரைட்டருக்கு வாய் சும்மா இருக்குமா? "அஞ்சுல வளையாதது அம்பதுல வளையுமா?" என்று எங்கள் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். ஏட்டையா பதிலுக்கு, "எனக்கு அம்பது ஆகல ரைட்டரே, நாப்பத்தாறுதேன்" என்றார். எல்லோரும் சிரித்தோம், அவரும் சிரித்தார். ஆனால் வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ராவுத்தரே, பட்டை போச்சுன்னா சோழபுரத்துக்குள்ள எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போவேன்? நீரு சொல்லிக் கொடும். எம்புட்டுக் கஷ்டமா இருந்தாலும் வாரேன்" என்றார். கத்திக்குத்துக்கு அசையாத மனுஷர் அன்றைக்கு என்னிடம் கெஞ்சினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சிலேட்டு அவருக்கு ஒத்துவரவில்லை. பலப்பம் அந்த விரல்களில் நொறுங்கித் தூளாகும். கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். தண்ணீர் வற்றிக் கிடந்த கண்மாயில் நான் கம்பால் எழுத்தைப் பெரிதாகக் கீறுவேன். அவர் அதன்மேல் ஓடுவார். 'அ'வுக்கு இப்படி வளைந்து, அப்படித் திரும்பி, கீழே இறங்கி நிற்க வேண்டும். 'ஐ'யில் திரும்பும்போது கால் பிசகி விழுந்து, "இதென்னலே எழுத்து, ஆளைக் கவுக்குது!" என்று வைதார். மாடு மேய்க்க வந்தவர்கள் போலீசுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று ஊரெல்லாம் சொன்னார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். சித்திரை பாதி கழிவதற்குள் எழுத்தெல்லாம் காலில் ஏறி, காலிலிருந்து கண்ணுக்கு வந்துவிட்டது.

அடுத்தது புத்தகம். பள்ளிக்கூடத்துப் பாடப் புத்தகத்தைக் கொடுத்தேன். இரண்டு வரி எழுத்துக்கூட்டிவிட்டு மூடிவிட்டார். "நாய் வாலை ஆட்டும்னு போட்டிருக்கான். ராசபாளையத்து நாய்கிட்டக் கடி வாங்கினவன் நான். என்கிட்ட வந்து வாலாட்டுற கதை சொல்லுதான்! ஆட்டம் இருக்கிற புத்தகமாக் கொண்டாரும், ராவுத்தரே" என்றார். சந்தையில் சாக்கு விரித்துச் சின்னப் புத்தகங்கள் விற்கிறவர் ஒருவர் உண்டு. அவரிடம் போய் விளையாட்டுப் புத்தகம் கேட்டால் மனுஷர் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார். சாமி கதை இருக்கிறது, கொலைச் சிந்து இருக்கிறது, விளையாட்டுக்கு எங்கே போக? விடவில்லை. அடிகளைப் பாட்டாகச் சொல்லும் சிலம்பப் புத்தகம் ஒன்று கிடைத்தது. இரண்டு மல்லர்கள் மோதுகிற கதை ஒன்று, அட்டை கிழிந்தது. பாதிரிமார் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவரைக் கெஞ்சி, வெள்ளைக்காரர்கள் மட்டையும் பந்தும் வைத்து ஆடுவதை விளக்கும் தமிழ்ப் புத்தகம் ஒன்றும் வாங்கி வந்தேன்.

சிலம்பத்தைத்தான் முதலில் பிடித்தார். ஒரு பாட்டு வாசிப்பார். உடனே எழுந்து கம்பை எடுத்து, எழுதினபடி அடி விழுகிறதா என்று சுழற்றிப் பார்ப்பார். ஸ்டேஷன் பின்கட்டு ஓட்டில் நாலு அப்படித்தான் உடைந்தது. மல்லர் கதையில் தோற்கிறவனுக்காகக் கண்கலங்கினார். வெள்ளைக்காரன் ஆட்டத்தில் மட்டும் மனசு ஒட்டவில்லை. "நடுவுல ஆட்டத்த நிறுத்திட்டுத் தேத்தண்ணி குடிப்பாங்களாம். இவங்ககிட்டயா நாம நாட்டைக் கொடுத்தோம்?" என்று கேட்டார். வெயில் மண்டையைப் பிளக்கிற பகல் நேரத்தில், ஊரே சுருண்டு கிடக்கையில், அவர் குரல் மட்டும் பின்கட்டில் கேட்டுக்கொண்டே இருக்கும்.

சிக்கல் அந்தக் குரலில்தான் இருந்தது. எவ்வளவு சொல்லியும் நடுவில் மூச்சு விட மாட்டேன் என்றார். "ஏட்டையா, இது புத்தகம். நின்னு நின்னு வாசிக்கலாம்" என்பேன். "கோட்டுக்கு அங்கிட்டுப் போயி மூச்ச விட்டா அவுட்டு ராவுத்தரே. பத்து வயசுல இருந்து பழகின நெஞ்சு, இப்பச் சொன்னாக் கேக்காது" என்பார். பாட்டு என்றால் பரவாயில்லை, நாலு அடியில் முடிந்துவிடும். ஆனால் மனு எழுதுகிறவர்கள் எப்படி எழுதுவார்கள் என்று உங்களுக்குத் தெரியுமே. 'துரையவர்கள் சமூகத்துக்குத் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால்' என்று ஆரம்பித்தால், வந்தும் போயும் கேட்டும் அழுதும் கடைசிப் பக்கத்தில்தான் ஒரு முற்றுப்புள்ளி. அதை ஒரே மூச்சில் வாசிக்க ஆளால் ஆகுமா? ஆக்கிக் காட்டுகிறேன் என்றார் ஏட்டையா. விடியலில் கண்மாய்க் கரையில் மூச்சுப் பிடித்து ஓடினார். மல்லர் கதையை முதலில் கால் பக்கம், பிறகு அரைப் பக்கம் என்று ஒரே மூச்சில் இழுத்தார். ஒருநாள் கண் இருட்டித் தூணில் சாய்ந்துவிட்டார். தண்ணீர் தெளித்து எழுப்பினால், "செத்த நேரம் இரும், பொறவு மறுபடி போறேன்" என்கிறார்! எனக்குக் கோபம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம்.

ஆனி பிறந்து, குற்றாலத்துப் பக்கம் சாரல் விழுந்துவிட்டது என்று சேதி வந்தபோது இன்ஸ்பெக்டர் கூப்பிட்டுவிட்டார். அன்று காலையில் செட்டியார்பட்டியிலிருந்து ஒரு அம்மா ஆட்டைக் காணோம் என்று கொண்டுவந்திருந்த மனுவை எடுத்து ஏட்டையாவிடம் நீட்டினார். ரைட்டர் மூலையில் வெற்றிலையை அதக்கிக்கொண்டு நின்றார். ஏட்டையா உடுப்போடு தொடையைத் தட்டினார், தரையைத் தொட்டார், மூச்சை இழுத்தார். புறப்பட்டார்.

'என்னவென்றால்' தாண்டியது. ஆடு மேய்ந்த இடம் தாண்டியது. 'சாயங்காலம் பட்டியில் எண்ணிப் பார்த்தபோது' என்று வருகிற இடத்தில் குரல் கம்மியது. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். இன்னும் இரண்டு வார்த்தை போனார். அவ்வளவுதான், மூச்சு அறுந்தது. தாளைப் பிடித்த கை தொங்கியது. ரைட்டர் 'ச்சு' கொட்டினார். இன்ஸ்பெக்டர், "போதும், வையும்" என்றார்.

ஏட்டையா வைக்கவில்லை. தாளை மறுபடி முகத்துக்கு நேரே தூக்கினார். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க, "அய்யா, மூச்சுதான் போச்சு. எழுத்து போகல" என்றார்.

இன்ஸ்பெக்டர் பதில் சொல்வதற்குள், விட்ட வார்த்தையிலிருந்தே எடுத்துவிட்டார். இரண்டு வார்த்தை, ஒரு மூச்சு. நாலு வார்த்தை, ஒரு மூச்சு. அவர் ஆடிய ஆட்டத்துக்கு அது அவுட்டு. ஒவ்வொரு தடவை மூச்சு விடும்போதும் முகம் சுருங்குவது எனக்குத் தெரிந்தது. ஆனாலும் விடவில்லை. கடைசி வரியில் அந்த அம்மாவின் பேரையும், "இது கைநாட்டு" என்பதையும் வாசித்துவிட்டுத்தான் தாளை இறக்கினார். இன்ஸ்பெக்டர், "ஏட்டு, நீரே இந்தக் கேசை விசாரியும்" என்றார். ரைட்டர் வெற்றிலை துப்புகிற சாக்கில் வெளியே போய்விட்டார்.

நான் ஓடிப் போய்க் கட்டிப் பிடிக்கலாம் என்று பார்த்தால் ஆளைக் காணோம். வெளியே வேப்பமரத்தடியில், மனு கொடுத்த அந்த அம்மா முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். "தாயி, எழுதிக் கொடுத்தவன் என்ன எழுதியிருக்கான்னு உனக்கு யாராச்சும் வாசிச்சுக் காட்டினாங்களா?" என்று கேட்டார். அந்த அம்மா இல்லையென்று தலையாட்டினாள். ஏட்டையா இந்தத் தடவை தொடையைத் தட்டவில்லை, தரையைத் தொடவில்லை. முதல் வரியிலிருந்து, அவளுக்கு விளங்குகிற மாதிரி, ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்று, மூச்சு விட்டு மூச்சு விட்டு வாசித்தார்.

கேட்டு முடித்து அவள், "நான் சொன்னது அம்புட்டும் அப்படியே இருக்கு சாமி" என்றாள்.

"பொறவென்ன, எந்திரி. ஆட்டத் தேடுவோம்" என்றார் ஏட்டையா.