ஞாயிறு நீங்கலாக

சுப்புராயன் பதினோரு வருஷமாகப் பிறர் சாவில் ஜீவனம் நடத்திவந்தான். பதற வேண்டாம். தேனாம்பேட்டையில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீசில், செத்தவர்களின் பாலிசிகளைப் பார்க்கிற பிரிவில் அவன் குமாஸ்தா. எழுதிவைக்காமல் போனவர்களின் வாரிசுகள் கவுண்டருக்கு எதிரிலேயே சட்டையைப் பிடித்துக்கொள்வதைத் தினமும் பார்த்து, சாவதுகூடத் தப்பில்லை, எழுதிவைக்காமல் சாவதுதான் தப்பு என்ற முடிவுக்கு வந்திருந்தான்.

ஆகவே தொண்ணூற்று நாலில் மனைவி நீரஜாவுக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது, மாங்காய் வாங்கி வரவேண்டியவன் உயில் எழுத உட்கார்ந்தான். சொத்து விவரம் இரண்டு வரியில் முடிந்துவிட்டது. மூன்றாவது வரியில்தான் மாட்டிக்கொண்டான். இரண்டு பேருமே போய்விட்டால் குழந்தை யாரிடம் வளரும்?

இது அவனுக்கு விளையாட்டு இல்லை. அவனுடைய நாலாவது வயதில், திருப்பதிக்குப் போன அப்பாவும் அம்மாவும் பஸ் கவிழ்ந்து ஒன்றாகவே போய்விட்டார்கள். பிறகு சித்தப்பா, மாமா, அத்தை என்று முறைவைத்து வளர்த்தார்கள். யாரும் அடிக்கவில்லை, சோறும் குறைவில்லாமல் போட்டார்கள். ஆனால் பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டில் ஒரே வருஷத்தில் மூன்று பேர் கையெழுத்து இருக்கும். தன் குழந்தைக்கு ஒரே வீடு வேண்டும், அது இப்போதே நிச்சயமாக வேண்டும் என்பதில் அவன் பிடிவாதமாக இருந்தான்.

நீரஜா மறுக்கவில்லை. ஒரு நிபந்தனை மட்டும் போட்டாள்.

"எழுதிக்கோங்கோ. ஆனா பிரசவம் ஆறவரைக்கும் அந்த வார்த்தையை வாயால சொல்லப்படாது. ததாஸ்து தேவதை தலைக்கு மேலேயே சுத்திண்டிருக்கும். நாம எதைச் சொன்னாலும் அப்படியே ஆகட்டும்னுடும்."

"எழுதினா மட்டும்?"

"அதுக்குக் காது மட்டுந்தான்."

யாரைக் கேட்பது என்பதில் இருவருக்கும் சந்தேகமே இல்லை. நீரஜாவின் அக்கா சூடாமணி, தி. நகரில் ஒரு பெண்கள் பள்ளியில் தமிழாசிரியை. வயது நாற்பத்து மூன்று, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒற்றுப்பிழை விட்ட பெண்கள் பிள்ளை பெற்ற பிறகும் அவளைக் கனவில் கண்டு அலறுவதாகக் கேள்வி. சுப்புராயன் அவள் வீட்டுக்குப் போய், வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியத்தைச் சொன்னான்.

"அக்கா, நாங்க ரெண்டு பேரும் இல்லாதப்போ குழந்தையை நீங்க பாத்துப்பேளா?"

"இதைப் போய்க் கேக்கணுமா மாப்பிள்ளை? தாராளமாப் பாத்துக்கறேன். ஞாயித்துக்கிழமை மட்டும் முடியாது. வீணை கிளாஸ் இருக்கு."

ஆயுசுபூரா வளர்க்கப்போகிறவள் வாரத்தில் ஒரு நாள் லீவு கேட்கிறாளே என்று அவனுக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஆனால் அவன் ஆபீஸ் ஆள். நிபந்தனை என்று ஒன்று வந்துவிட்டால் அதைக் காகிதத்தில் ஏற்றாமல் அவனுக்குத் தூக்கம் வராது.

லஸ் முனையில் டைப் அடித்துக் கொடுக்கும் அக்பர் பாஷா, கையெழுத்துப் பிரதியைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"'ஞாயிறு நீங்கலாக'வா? இன்னா சார், ரேஷன் கடையா இது? நீங்க ரெண்டு பேரும் பூட்டீங்கன்னா, ஞாயித்துக்கெயம கொயந்த எங்க போவும்?"

"இப்போ போட்டுடுங்க பாய். அவாகிட்ட அப்புறமாப் பேசிக்கறேன்."

"அப்பால எப்பிடி சார் பேசுவ?"

சுப்புராயன் பர்ஸைத் திறந்து சில்லறையை எண்ண ஆரம்பித்தான். பாஷா தலையில் அடித்துக்கொண்டு டைப் அடித்தார்.

சம்மதக் கையெழுத்து வாங்க அதைச் சூடாமணியிடம் நீட்டியபோது, அவள் படிப்பதற்கு முன்பே சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டாள்.

"'பொறுப்பை கொடுக்க'வாம். நடுவுல க் எங்கே மாப்பிள்ளை? ஐ வந்தா வல்லினம் மிகும். ஆறாங்கிளாஸ் பாடம்." இன்னும் இரண்டு இடத்தில் சுழித்தாள். பேனா மூன்றாவது வரிக்கு வந்தது. 'நாங்கள் இருவரும் இறந்துபோக நேரிட்டால்' என்று இருந்தது. அந்த வரியில் பிழை எதுவும் இல்லை. ஆனால் பேனா அதைத் தாண்டி நகரவில்லை.

"இல்லாதப்போன்னா, நீங்க சினிமாவுக்குப் போறச்சேன்னு நினைச்சுண்டேன்."

"எனக்கு நாலு வயசுல இப்படி யாரும் எழுதிவெக்கலை அக்கா."

சூடாமணி ஞாயிற்றுக்கிழமையை அடித்த அடியில் காகிதம் கிழிந்தது. கீழே முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, வகுப்பில் பேசும் குரலில் சொன்னாள்.

"இப்போ நான் சொல்றதைக் கேளுங்கோ. இனிமே நீங்களும் அவளும் ஒரே வண்டியில ஏறப்படாது."

"அதையும் எழுதிடட்டுமா அக்கா?"

"எழுத வேண்டாம். நானே பாத்துக்கறேன்."

பார்த்துக்கொள்ளவும் செய்தாள். டாக்டரிடம் போவதற்கு நீரஜா ஆட்டோவில், சுப்புராயன் பஸ்ஸில். வடபழனி கோயிலுக்கு அவன் முன்னால் போய்ச் செருப்புப் போடும் இடத்தில் காத்திருப்பான். மனஸ்தாபமோ என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

பெண் குழந்தை பிறந்தது. தி. நகர் நர்சிங் ஹோமிலிருந்து மயிலாப்பூரில் இருந்த தங்கள் வீட்டுக்குப் புறப்பட்ட அன்று ஆட்டோவில் நீரஜா, குழந்தை, சூடாமணி ஏறியாயிற்று. இன்றைக்காவது விடுவாள் என்று சுப்புராயன் ஒரு காலைத் தூக்கி வைத்தான். சூடாமணி கையைக் குறுக்கே நீட்டினாள்.

"நீங்க பன்னண்டு பி-ல வாங்கோ."

பன்னிரண்டு பி அரை மணி வரவில்லை. வந்த பஸ்ஸும் நடுவழியில் ரிப்பேராகி நின்றது. ஃபிளாஸ்கும் துணிக்கூடையுமாக அவன் மிச்ச தூரத்தை நடந்து, சட்டை நனைந்து, தெருமுனை திரும்பினான். வாசலில் நின்றிருந்த சூடாமணி அவனைப் பார்த்ததும் வேகமாகத் தெருவுக்கே இறங்கி வந்தாள். கண் சிவந்திருந்தது.

"மணி என்ன ஆறது? எங்கே போனேள்? ஒரு போன் பண்ணப்படாதா? மனுஷாளுக்கு உயிர் போயிடுத்து இங்கே."

சித்தப்பா வீட்டுக்கும் மாமா வீட்டுக்கும் அத்தை வீட்டுக்கும் அவன் தகரப்பெட்டியோடு எத்தனையோ தடவை நேரம் கழித்துப் போயிருக்கிறான். ஏன் லேட் என்று ஒருத்தர்கூடக் கேட்டதில்லை. சுப்புராயன் நடுத்தெருவில் நின்று, ஒரு வார்த்தை விடாமல் அந்தத் திட்டு முழுவதையும் கேட்டுக்கொண்டான்.