ஓதம் ஏறாத அறை

என் அக்கா புருஷனுக்கு எங்கள் குடும்பத்தில் ‘ரிப்பேர்’ என்று பேர். முகத்துக்கு நேரே அத்தான் என்போம். அந்தப் பக்கம் தலை மறைந்தால் ரிப்பேர். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் மெஷின் மெக்கானிக். எதையும் தூக்கிப் போட மாட்டார், அடுத்தவரையும் போட விட மாட்டார். நான் வேண்டாமென்று குப்பைக்கு அனுப்பிய இஸ்திரிப் பெட்டியை எடுத்துப்போய்ச் சரிசெய்து, என் பிறந்தநாளுக்கு எனக்கே பரிசாகக் கொடுத்த மனிதர். இன்றைக்கும் அதில்தான் தேய்க்கிறேன். எரிச்சலாக இருக்கும், ஆனால் நன்றாகச் சூடாகிறது.

அவருடைய அப்பா கட்டிய வீடு அவருக்கு வந்தது. செங்கல், சுண்ணாம்புக் காரை, தடித்த சுவர்கள். வாசலுக்குள் நுழைந்தாலே ஒரு வாடை அடிக்கும். காயாத துணியை மடித்து அலமாரியில் வைத்துவிட்டால் வருமே, அந்த வாடை. தரையிலிருந்து சுவரில் ஓதம் ஏறி, முழங்கால் உயரத்துக்கு வரைபடம் மாதிரி கறை. என் அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. அவளைக் கொண்டுபோய் அந்த வீட்டில் வைத்தால் என்ன ஆகும்?

நானும் என் வீட்டுக்காரரும் வீடு கட்ட ஆரம்பித்த சமயம். எங்கள் சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு அக்கா, அத்தானோடு நான்கு பேரும் உட்கார்ந்திருந்தோம். நான்தான் வாயைக் கொடுத்தேன்.

“அத்தான், எங்க இன்ஜினியரே உங்களுக்கும் பாத்துக் கொடுப்பார். அதை இடிச்சிட்டுப் புதுசா கட்டிடுங்களேன்.”

“எதுக்கு? சாவியை எவன்கிட்டயோ கொடுத்துட்டு, வாடகை வீட்ல உக்காந்து நகத்தைக் கடிக்கவா? மெஷின் ஓடலைன்னா மெஷினையா தூக்கிப் போடறோம்? எந்தப் பார்ட்டுன்னு பாத்து மாத்தறோம். அவ்வளவுதான்.”

“வீடு மெஷின் இல்லை அத்தான்.”

“உனக்கு ரெண்டுமே தெரியாது. நீ பேசாம இரு.”

என் வீட்டுக்காரர் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அத்தானோடு வாதம் செய்யப் பயம். அக்காதான் சொன்னாள்.

“எனக்கு மாடி வேணாம். பளபளன்னு தரை வேணாம். பழசோ புதுசோ, ஓதம் ஏறாத ஒரு ரூம் போதும். படுத்தா மூச்சு வாங்கக் கூடாது. வேற ஒண்ணும் கேக்கல.”

“ஒண்ணு என்ன, எல்லா ரூமையும் அப்படிப் பண்ணித் தர்றேன். என் கையாலயே. அடுத்த மழைக்குள்ள முடிச்சுடறேன்” என்றார் அத்தான்.

எந்த வருஷத்து அடுத்த மழை என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

எங்கள் வீடு கட்டிய கதையைச் சொன்னால் அது தனிப் புலம்பல். ஒப்பந்தக்காரர் பாதியில் காணாமல் போனார். திரும்பி வந்தபோது தண்ணீர்த் தொட்டியை மறந்திருந்தார். சமையலறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுக் கழிவுநீர்க் குழாய் கண்ணுக்கு நேரே. வெயில் காலத்தில் உள்ளே இருந்தால் வெந்துவிடுவோம். அத்தான் வீட்டைப் பார்க்க வந்த அன்று பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்துத் தரையில் வைத்தார். உள்ளே இருந்த குமிழி ஓரமாகப் போய் நின்றது. “தீப்பெட்டியைக் கட்டியிருக்கான். அதையும் கோணலா கட்டியிருக்கான்” என்று சொல்லிச் சிரித்தார். அன்றிலிருந்து நான் தீப்பெட்டி வீட்டுக்காரி. ஆனால் தீப்பெட்டி காய்ந்த தீப்பெட்டி. அதை நான் சொன்னபோது அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மனுஷன் வேலை செய்த விதத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. வேலை முடிந்து வந்ததும் கைலியைக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார். விடுமுறை நாள் முழுக்க அதே வேலை. முதலில் ஹால். உதிர்ந்துகொண்டிருந்த பழைய காரையை உளியால் கொத்தி எடுத்தார். மணலை மாவு சலிப்பது மாதிரி சலித்தார். சிமெண்ட் பூச்சு பூசினார், அதன்மேல் பட்டி, அதன்மேல் வெளிர்பச்சைப் பெயிண்ட். கொத்தனார்கூட அப்படிப் பூச மாட்டார். கன்னத்தை வைத்துத் தேய்த்துப் பார்க்கலாம் போல இருந்தது. எனக்கே கொஞ்சம் பொறாமை வந்தது.

மழை வந்தது. வெளிர்பச்சைக்குள்ளிருந்து பழுப்பாக ஒரு கோடு, முன்பிருந்ததைவிட ஒரு சாண் உயரத்தில்.

“சிமெண்ட் பத்தல” என்றார். கொத்தி எடுத்துவிட்டு, தண்ணீர் புகாத மருந்தைக் கலந்து இன்னும் தடிமனாகப் பூசினார். அடுத்த மழைக்குக் கோடு இன்னும் மேலே ஏறியது. இடுப்பு உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டினார். டைல்ஸுக்கு மேலே கோடு வந்தது. நெஞ்சு உயரத்துக்கு ஒட்டினார். அதற்கும் மேலே வந்தது.

“இன்னும் கொஞ்சம் ஏத்திட்டீங்கன்னா ஹால்லயே குளிச்சுக்கலாம் அத்தான்” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. சுவரைத் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார், மெஷினுக்குள் என்ன சத்தம் என்று கேட்பது போல. எனக்கு ஏன்டா கிண்டல் செய்தோம் என்று ஆகிவிட்டது.

ஹால் முடிந்து முன்னறை, முன்னறை முடிந்து படுக்கையறை. ஒவ்வோர் அறைக்கும் அதே பூச்சு, அதே மருந்து, அதே டைல்ஸ். ஓர் அறையில் வேலை நடந்தால் கட்டில் அடுத்த அறைக்குப் போகும். கட்டிலோடு அக்காவும் போவாள். கடைசி அறைக்கு வரும்போது முதல் அறையில் பெயிண்ட் கொப்பளித்துப் பூசணம் பிடித்திருக்கும். அக்கா ஈரத்துணியால் பூசணத்தைத் துடைப்பாள், இருமுவாள், இழுப்பு மருந்துப் பம்பை வாயில் வைத்து உறிஞ்சுவாள், மறுபடி துடைப்பாள். அவர்களுடைய மகள் வேறு ஊரிலிருந்து போனில் கத்துவாள். “இடிச்சுத் தொலைங்கப்பா!” அத்தான் போனை அக்காவிடம் கொடுத்துவிட்டுச் சல்லடையை எடுத்துக்கொள்வார். இப்படியே வருஷங்கள் போயின. வாழ்ந்தார்கள் என்று சொல்ல மாட்டேன், வீட்டுக்குள் குடிபெயர்ந்துகொண்டே இருந்தார்கள்.

சமையலறைக்குப் பின்னால் ஒரு சாமான் அறை. ஒடுங்கலாக, கட்டில் போட்டால் நடக்க இடமில்லாத அளவில். உடைந்த நாற்காலி, பழைய பெட்டிகள், ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று வைத்த இரண்டு தையல் மெஷின்கள். அங்கே அவர் கை படவில்லை. அவருடைய அப்பா காலத்துச் சுண்ணாம்புப் பூச்சு அப்படியே இருந்தது, தொட்டால் கையோடு வரும். ஒருநாள் போனபோது அக்கா அங்கே பாயை விரித்துப் படுத்திருந்தாள். எழுந்தபோது முதுகெல்லாம் வெள்ளை.

“இங்க எதுக்குக்கா படுத்துக் கிடக்கிற?” என்று அவள் முதுகைத் தட்டிவிட்டேன்.

“அங்க ஃபேன் சத்தம் எனக்கு ஆகலடீ. இங்க அமைதியா இருக்கு.”

அப்புறம் எப்போது போனாலும் அங்கேதான் இருப்பாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து காய் நறுக்குவாள், துணி மடிப்பாள். நான் போனதும் முதல் வேலையாக அவளைத் திருப்பி முதுகைத் தட்டிவிடுவேன். அத்தான் வாசலில் நின்று அந்தச் சுவரைப் பார்த்து முகம் சுளிப்பார்.

“பார்க்கவே அசிங்கமா இருக்கு. இதையும் முடிச்சுடறேன்.”

“அது கிடக்கட்டுங்க” என்பாள் அக்கா.

“என் கஷ்டத்தைப் பாத்துட்டு வேணாங்கறா” என்று அத்தான் என்னிடம் பெருமையாகச் சொல்வார். அக்கா குனிந்து துணியை மடித்துக்கொண்டிருப்பாள்.

போன மழைக்காலத்துக்கு முன்னால் இழுப்பு முற்றி அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நான் கூடவே இருந்தேன். அத்தான் தொழிற்சாலையில் லீவு போட்டுவிட்டார், ஆனால் ஆஸ்பத்திரிக்கு அந்தி சாய்ந்துதான் வருவார். பிளாஸ்கில் கஞ்சி கொண்டுவந்து, கொஞ்ச நேரம் அவள் கால்மாட்டில் உட்கார்ந்துவிட்டுக் கிளம்பிவிடுவார். பெண்டாட்டி இப்படிக் கிடக்கும்போது இந்த மனுஷனுக்கு வீட்டில் என்ன வெட்டி முறிக்கிற வேலை என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நகக் கண்ணில் சிமெண்ட் இருந்தது. பார்த்தேன், அதற்கு என்ன அர்த்தம் என்று யோசிக்கவில்லை. அவர் நகக் கண்ணில் சிமெண்ட் இல்லாத நாள் எது?

அக்காவைக் காரில் கூட்டிக்கொண்டு வந்தோம். அத்தான் வாசலிலேயே காத்திருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. அவளைக் கையைப் பிடித்து ஹாலையும் படுக்கையறையையும் தாண்டி நேரே பின்னால் அழைத்துப் போனார்.

சாமான் அறையைக் காணோம். உடைந்த நாற்காலி, பெட்டிகள் எதுவும் இல்லை. வெள்ளை டைல்ஸ் தோள் உயரத்துக்கு, அதற்குமேல் கண்ணாடி மாதிரி பூச்சு, வெளிர்மஞ்சள் பெயிண்ட். சுவரோரம் புதுக் கட்டில். அதற்கு மேலே ஃபேன். “சத்தம் இல்லாத ஃபேன்” என்றார். போட்டும் காட்டினார்.

“உனக்கு இந்த ரூம்தானே புடிச்சுது? இனிமே முதுகுல வெள்ளை ஒட்டாது” என்றார்.

அக்கா கட்டிலில் உட்கார்ந்தாள். சுவரைத் தடவினாள். மெதுவாகத் தடவிக்கொண்டே இருந்தாள்.

“நல்லா இருக்குங்க” என்றாள்.

அவர் தேநீர் போடப் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இந்த ஒரு ரூம்லதான்டீ ஓதம் ஏறல. இங்க மட்டும்தான் எனக்கு மூச்சு வந்துச்சு.”

“இதை ஏன்க்கா அவர்கிட்ட சொல்லல?”

“என்னன்னு சொல்ல? நீங்க கை வச்ச எடமெல்லாம் நாறுது, வைக்காத எடம்தான் நல்லா இருக்குன்னா? அவர் மூஞ்சியைப் பாத்தியா இப்ப?”

பார்த்திருந்தேன். நானும் அவரிடம் அதைச் சொல்லவில்லை.

மழை பிடித்த சில நாட்களிலேயே வெள்ளை டைல்ஸுக்கு மேலே, வெளிர்மஞ்சளில் அந்தப் பழுப்புக் கோடு வந்தது. அக்கா அழவில்லை. பையில் இரண்டு புடவையை வைத்துக்கொண்டு, “ரெண்டு நாள் தங்கச்சி வீட்ல இருந்துட்டு வர்றேன்” என்று அவரிடம் சொல்லிவிட்டுத் தீப்பெட்டிக்கு வந்தாள். என் வீட்டுக் கோணல் தரையில் அவள் கட்டிலுக்கு ஒரு காலின் கீழே அட்டை மடித்து வைத்தோம்.

அத்தான் மறுநாளே உளியை எடுத்திருக்கிறார். அந்த அறையைக் கொத்தி மறுபடி பூசுவதற்கு. இரண்டு டைல்ஸ் விழுந்திருக்கின்றன, பின்னால் பூச்சும் பலகை பலகையாக விழுந்திருக்கிறது. உள்ளே கையை வைத்தால் செங்கல் சொதசொதவென்று ஈரம். பூசியபோது அதே செங்கல் எலும்பு மாதிரி காய்ந்து கிடந்ததை அவர் கண்ணால் பார்த்தவர். கொட்டும் மழையில் எங்கள் வீட்டுக்கு வந்து நின்றார்.

“செவுரு கீழேர்ந்து தண்ணி இழுக்குதும்மா. எப்பவும் இழுத்துட்டுதான் இருந்திருக்கு. பழைய காரை வழியா முழங்கால் உசரத்துக்குள்ளயே அது பாட்டுக்கு வெளிய போயிட்டு இருந்துச்சு. நான் போக விடாம மூடிட்டேன். மூடி, அதுக்கு மேல டைல்ஸையும் போட்டு அடைச்சேன். எல்லா ரூமையும்.”

என்னிடம்தான் சொன்னார். பிறகு என்னைத் தாண்டி உள்ளே போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார்.

“அதனாலதான் அங்க படுத்தியா?”

அக்கா தலையாட்டினாள்.

“சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா? ரிப்பேர் பண்ணிடறேன்னு அதிலயும் இறங்கியிருப்பீங்க.”

சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் இழுப்பாகி, நான் பம்பை எடுத்துக்கொடுக்க வேண்டியதாயிற்று. அவர் கையில் உளியோடு அப்படியே நின்றார். வரும் வழியெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறார். நான்தான் வாங்கி வைத்தேன்.

அந்த மழை முடிவதற்குள் அக்கா போய்விட்டாள். நுரையீரல் எப்போதோ கெட்டுவிட்டது, ஓர் அறையால் வந்ததில்லை என்று டாக்டர் சொன்னார். அத்தானிடமும் சொன்னார். “சரிங்க” என்று கேட்டுக்கொண்டார். நம்பவில்லை என்று எங்களுக்குத் தெரியும். நான் நம்பினேனா என்று கேட்டால், பாதி நாள் நம்புகிறேன். மீதி நாள் அவர்மேல் கோபம் வருகிறது. அந்த மேசையில் உட்கார்ந்து ‘அதெல்லாம் முடியாது, இடி’ என்று அடம்பிடிக்காத அக்காமேல் அதைவிட அதிகமாக வருகிறது.

மகள் வந்து அவரைக் கூப்பிட்டாள். போகவில்லை. வீட்டை விற்றுவிடச் சொன்னாள், இடிக்க ஆளும் பார்த்துக் கொடுத்தாள். “கொஞ்சம் வேலை பாக்கி இருக்கு” என்றார். தொழிற்சாலையிலிருந்து வந்ததும் அதே கைலி, அதே உளி. இப்போது பூசுவதில்லை. எடுக்கிறார். டைல்ஸ், பூச்சு, பட்டி, பெயிண்ட் என்று இத்தனை வருஷம் அவர் கையால் ஏற்றியதையெல்லாம் அவர் கையாலேயே இறக்கி, சாக்கில் கட்டி வாசலில் வைக்கிறார். வீட்டுக்குள் போனால் நான்கு பக்கமும் வெறும் செங்கல். சாமான் அறையில் மட்டும், எங்கேயோ விசாரித்து, சுண்ணாம்பு குழைத்துப் பழையபடி பூசியிருக்கிறார்.

போன வாரம் போன் செய்தார். மழை ஓய்ந்த மறுநாள்.

“ஒரு எட்டு வந்துட்டுப் போறியாம்மா?”

போனேன். அந்த அறைக்குக் கூட்டிப்போனார். புதுக் கட்டிலை எடுத்துவிட்டிருந்தார். தரையில் அக்காவின் பாய்.

“தொட்டுப் பாரு.”

கையை வைத்தேன். காய்ந்திருந்தது. கோடு இல்லை, வாடை இல்லை.

“ஏறல, பாத்தியா? இந்த மழைக்கு ஏறவே இல்ல” என்றார். “அவ கேட்டது இவ்வளவுதான்.”

அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் பாயில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொண்டேன். மூச்சு நன்றாகத்தான் வந்தது. அவர் கதவோரம் நின்றுகொண்டிருந்தார். தேநீர் குடிக்கிறாயா என்று கேட்டார். வேண்டாமென்று கிளம்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர், “என்ன, முதுகெல்லாம் ஒரே வெள்ளையா இருக்கு?” என்று தட்டிவிட வந்தார்.

தட்ட வேண்டாம் என்றேன்.