அண்ணனிடம் விடைபெறுதல்

ஹாம்பர்க்குக்கு வந்து பத்து வருடமாகிறது. இவர்கள் விடைபெறும் விதம் மட்டும் எனக்கு இன்னும் பழகவில்லை. "ச்சூஸ்" என்று ஒரு சொல், அவ்வளவுதான், கதவைச் சாத்திவிடுவார்கள். நம் ஊரில் கிளம்பிய பிறகுதான் வாசலில் நின்று அரைமணி நேரம் பேசுவோம். என்ன ஜனங்களோ!

இங்கே நான் தமிழ் பேசுவதற்கு இருக்கும் ஒரே ஆள் என் அண்ணன். தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். "ஏலே, லாரிய ஓட்டுதியா, தாலாட்டுதியா?" என்று மேலே இருந்தே டிரைவர்களை வம்புக்கு இழுப்பார். பிறகு இந்தத் துறைமுகத்துக்கு வேலைக்கு வந்து, தங்கை என்னையும் வரவழைத்தார். போன வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்தது, மூளையின் வலப்பக்கம். பேச்சு பிழைத்துக்கொண்டது. ஆனால் சொற்கள் புரிந்தாலும் அவற்றின் பின்னால் இருக்கும் கேலியோ சலிப்போ அவருக்குப் பிடிபடாமல் போகலாம் என்றார் மருத்துவர்.

நான் நம்பவில்லை. அந்த ஞாயிறு அவரைச் சேர்த்திருந்த பராமரிப்பு இல்லத்துக்குப் போனதும், "வேலையில என் உயிரை வாங்கிட்டாங்கண்ணே" என்றேன். பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யாரு ஏளா வாங்குனது? வலிக்குதா?"

சிரித்துவிட்டேன். பிறகு கழிவறைக்குள் போய் அழுதேன். அன்றிலிருந்து அவரிடம் பார்த்துப் பார்த்துத்தான் பேசுகிறேன். அண்ணன் பக்கத்தில் இருக்கும்போதே தனியாக இருப்பது பெரிய கொடுமை.

போன வாரம் ஹைக்கே என்ற நர்ஸ் என்னை நிறுத்தினாள். "நீ போன பிறகு அவர் சாப்பிடுவதில்லை. லிஃப்ட் முன்னால் உட்கார்ந்துவிடுகிறார், கூப்பிட்டாலும் வருவதில்லை. கிளம்பும்போது என்ன சொல்கிறாய்?"

"போய்விட்டு வருகிறேன் என்று."

"அடுத்த ஞாயிறுதானே வருகிறாய்? அவரோ நீ இப்போதே திரும்பி வருவாய் என்று காத்திருக்கிறார். போகிறேன் என்று சொல்லேன்."

அதை எப்படிச் சொல்வது? எங்கள் பக்கத்தில் சாகப்போகிறவர்தான் அப்படிச் சொல்வார். கடலுக்குக் கிளம்புகிறவரிடம் எங்கே போகிறாய் என்றுகூடக் கேட்க மாட்டோம். ஆனால் அண்ணன், சட்டை தோளில் நிற்காத அளவுக்கு மெலிந்திருந்தார்.

இந்த ஞாயிறு, முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

"அண்ணே, நான் போறேன்."

சட்டென்று நிமிர்ந்தார். கிரேன் மேலிருந்து கேட்ட அதே குரல்.

"ஏளா, வாயக் கழுவு! போயிட்டு வாரேன்னு சொல்லு."

சொன்னேன். நிம்மதியாகத் தலையாட்டினார். பிறகு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு லிஃப்ட்டை நோக்கி நடந்தார்.