பாய் கட்டிப் போன பழனாத்தாள்

பாலக்காட்டு எல்லையில், கோபாலபுரம் செக்போஸ்டுக்குத் தெற்கே, தென்னந்தோப்புக்கு நடுவில், கயிறு திரிக்கும் கொட்டகை ஒன்று வைத்திருந்தாள் பழனாத்தாள். வயது ஐம்பத்து மூன்று. புருஷன் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. காரியம் முடிந்த மறுமாசமே, தோப்பைத் தன் கையில் ஒப்படைத்துவிட்டு வீட்டோடு வந்து இருக்கச் சொன்னார் அண்ணன் மோகனசுந்தரம். வரமாட்டேன் என்றாள். அன்றிலிருந்து நார் மில்லுக்குப் போவது, லாரி பிடிப்பது, ஆட்களை வேலைக்கு வைப்பது எல்லாம் அவள்தான். ஊரில் முதலில் பேசினார்கள், பிறகு பேசி அலுத்துப் போனார்கள்.

கடலை அவள் அதுவரை ஒரே தரம்தான் பார்த்திருந்தாள், ராமேஸ்வரத்தில், புருஷனுடைய அஸ்தியைக் கரைக்கப் போனபோது. மேற்குக் கடற்கரையில் இருக்கிற பொன்னானிக்குப் போக நேர்ந்தது, கயிறு விற்பதற்காக. அங்கே துறைமுகத்துக்குப் பக்கத்தில் வலையும் கயிறும் விற்கிற கடைக்காரி ஜெஸ்னா. பாலக்காட்டு ராவுத்தர் குடும்பத்துப் பெண், கல்யாணமாகி பொன்னானிக்கு வந்தவள், பழனாத்தாளைவிடப் பத்து வயசு இளையவள். இந்தக் கரையில் தமிழில் வாய்விட்டுப் பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில், முதல் நாளே சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று பிடித்து உட்கார வைத்துவிட்டாள்.

கடைக்குப் பின்னால் தண்ணீரில் ஒரு சின்ன ஃபைபர் வள்ளம் கிடந்தது. மற்ற வள்ளங்களில் எஞ்சின் இருந்தது. இதில் ஒரு பாய்மரமும் சுருட்டிய பாயும் இருந்தன. ஜெஸ்னாவின் புருஷன் நஜீம் படகு ரிப்பேர் செய்கிறவர்; அவர் ஆசைக்குக் கட்டியது அது. அவர் வேலைக்கு மஸ்கட் போன பிறகு ஜெஸ்னாதான் ஓட்டினாள்.

"ஏறிப் பாக்கறீங்களாக்கா?" என்று விளையாட்டாகக் கேட்டாள்.

பழனாத்தாள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள்.

அன்றைக்கு மூன்று தரம் வாந்தி எடுத்தாள். அடுத்த வாரம் மறுபடி வந்தாள். இரண்டு பனிக்காலம் இப்படிப் போயிற்று. நீச்சல் அவளுக்குப் புதிதல்ல. பாவாடை கட்டுகிற வயசிலேயே கிணற்றில் குதித்துப் பழகியவள். காற்றும் புதிதல்ல. மார்கழி, தையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து அவள் தோப்பில் மட்டைகளைப் பிய்த்துப் போடுகிற அதே கீழ்க்காற்றுதான் பொன்னானியில் கரையிலிருந்து கடலைப் பார்த்து அடித்தது. எப்போது ஏறும், எப்போது தணியும் என்று ஜெஸ்னாவுக்கு முன்னால் அவள் சொன்னாள். பாயின் கட்டையில் மண்டை இடித்து வீங்கியதும் உண்டு. ஊருக்கு அந்த வீக்கத்தோடேயே போனாள்; கேட்டவர்களிடம் உள்ளதையே சொன்னாள். யாரும் நம்பவில்லை.

போன தை மாசம் இரண்டு பேரும் பொன்னானியிலிருந்து கொச்சி வரைக்கும் பாயிலேயே போவதென்று முடிவு செய்தார்கள். நாலு நாள். கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்திலேயே போவது, சாயந்தரம் ஏதாவது முகத்துவாரத்தில் நுழைந்து தங்குவது. சாப்பாட்டுக்குக் கரையோரத்துக் கள்ளு ஷாப்புகள். ஜெஸ்னா கள்ளைத் தொடமாட்டாள், ஆனால் அந்தக் கரையில் நல்ல மீன்குழம்பு எந்த ஷாப்பில் கிடைக்கும் என்று அவளுக்கு மனப்பாடம். பழனாத்தாளுக்கு வேறு காரணம் இருந்தது. செக்போஸ்டுக்கு அந்தப் பக்கம், பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துத் தோப்புகளில் இறக்குகிற கள் விடிகாலையில் வண்டி ஏறித் தெற்கே போவதை முப்பது வருஷமாகப் பார்த்திருக்கிறாள். அங்கே இருக்கிற அவள் மரமும் அண்ணன் மரமும் அதில் உண்டு. அது போய்ச் சேருகிற இடத்தில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை.

முதல் நாள் சேற்றுவாய்க் காயலில் நுழைந்து, ஒரு ஷாப்பின் படித்துறையில் வள்ளத்தைக் கட்டினார்கள். மரப்பெஞ்சில் உட்கார்ந்து கப்பைக்கிழங்கும் கரிமீனும் சாப்பிட்டார்கள். பழனாத்தாள் ஒரு கிளாஸ் கள் வாங்கி, மோர் குடிப்பது மாதிரி நிதானமாகக் குடித்தாள். புளிப்பு கொஞ்சம் கூடிப் போயிருக்கிறது என்று ஷாப்புக்காரரிடம் சொன்னாள். எதிர் பெஞ்சில் இருந்த எவனோ அதை ஃபோனில் படம் பிடித்ததை இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

மறுநாள் மத்தியானத்துக்குள் அந்த வீடியோ கோபாலபுரத்து வாட்ஸப் குழுக்களில் சுற்றிவிட்டது. காற்று விழுந்து போய், நடுவழியில் ஒரு மீனவக் குப்பத்து மணலில் வள்ளத்தை ஏற்றி வைத்திருந்தபோது அண்ணன் கூப்பிட்டார். கோயில் கமிட்டியில் தலை காட்ட முடியவில்லை என்றார். எங்கே இருக்கிறாய் சொல், கார் அனுப்புகிறேன் என்றார். அவள் கடைசி வரைக்கும் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"நாளைக்குப் பொழுதுக்குள்ள அழீக்கோட்டுல இருப்போமுங்ணா. பாக்கோணும்னா அங்க வாங்க. காரு எனக்கு வேண்டாமுங்க."

மூன்றாம் நாள்தான் கஷ்டம் வந்தது. பெரியாறு கடலில் சேருகிற அழீக்கோட்டு முகத்துவாரத்தை அவர்கள் எட்டியபோது வேலியிறக்கம், கடல் வற்றுகிற நேரம். ஆற்றுத் தண்ணீர் வெளியே பாய்ந்தது, கடல் காற்று உள்ளே தள்ளியது, இரண்டும் முட்டிக்கொண்ட இடத்தில் அலை சுவர் சுவராக நின்றது. பாதி வழியில் சுக்கானின் ஆணி முறிந்து, பலகை கழன்று தண்ணீரோடு போய்விட்டது. வள்ளம் பக்கவாட்டில் திரும்ப ஆரம்பித்தது. ஜெஸ்னா பாய்க்கயிற்றை விடவில்லை. விட்டால் வேகம் போய்விடும், வேகம் போனால் கவிழ்ந்துவிடும். பழனாத்தாள் துடுப்பை எடுத்துப் பின்பக்கம் தண்ணீரில் இறக்கி, முழங்காலை வள்ளத்தில் முட்டுக்கொடுத்து, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

திரும்பி வந்துகொண்டிருந்த மீன்பிடிப் படகு ஒன்று பக்கத்தில் வந்தது. வள்ளத்தை விட்டுவிட்டு ஏறிக்கொள்ளுங்கள் என்று கத்தினார்கள். வள்ளத்தை விடமாட்டோம், கூடவே வந்தால் போதும் என்று பழனாத்தாள் திருப்பிக் கத்தினாள். அவர்கள் திட்டினார்கள். திட்டிக்கொண்டே, காற்று மறைக்காமல் ஒரு பக்கமாகக் கூடவே வந்தார்கள். அரை மணி நேரம். உள்ளே அமைதியான தண்ணீருக்கு வந்தபோது துடுப்பைப் பிடித்திருந்த விரல்களை அவளால் பிரிக்க முடியவில்லை. ஜெஸ்னா வந்து ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். உள்ளங்கைத் தோல் துடுப்போடு வந்தது. 

ஆற்றோரத்து ஷாப்பின் படித்துறையில் மோகனசுந்தரம் நின்றுகொண்டிருந்தார், வெள்ளை வேட்டி சட்டையோடு. அவர் எல்லாவற்றையும் பார்த்திருந்தார். முகம் வெளுத்திருந்தது. ஆனால் வாயில் வந்தது கோபம்தான்.

அவள் அவரைத் தாண்டி உள்ளே போனாள். ஷாப்பின் மேனேஜர், பெண்கள் உட்காரப் பின்னால் தனி அறை இருக்கிறது என்று பணிவாகச் சொன்னார். இங்கேதான் காற்று வருகிறது என்று சொல்லிவிட்டு, ஈரச் சேலையோடு முன்பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள். ஜெஸ்னாவும் உட்கார்ந்தாள். குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மேனேஜர் மேஜையைத் துடைக்கத் துணி எடுத்து வந்தார்.

மோகனசுந்தரம் உட்காரவில்லை. எந்திரிச்சு வா, இல்லையென்றால் மாசி நோம்பித் திருவிழாவில் நம்ம குடும்பத்துப் பூசையில் உனக்கு இடம் கிடையாது என்றார்.

கள் வந்தது. கை எரிந்ததால் கிளாஸை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் பிடித்துத் தூக்கினாள்.

"ஏனுங்ணா, நம்ம மரத்துல எறக்கற கள்ளுதான் இந்தக் கரையெல்லாம் வருது. இதை வித்துத்தான் நீங்க மேல்மாடி கட்டுனீங்க. விக்கறது கவுரவம், குடிக்கறது மட்டும் கேவலமுங்களா?"

"நீ பொம்பளை, அம்மிணி."

"இத்தனை நேரம் அந்தத் துடுப்பைப் புடிச்சவளும் பொம்பளைதானுங்க."

அவர் அவளுடைய கைகளையே பார்த்தார். பிறகு போய்விட்டார். கார் கிளம்பும் சத்தம் கேட்டபோது பழனாத்தாளின் கண் கலங்கியது. ஜெஸ்னா மீனில் முள் எடுத்து அவளுக்கு ஊட்டிவிட்டாள்.

அழீக்கோட்டில் ஒரு தச்சர் பழைய பலாப்பலகையில் புதுச் சுக்கான் செய்து கொடுத்தார். மறுநாள் ஜெஸ்னா ஓட்ட, கையில் துணி சுற்றிக்கொண்டு பழனாத்தாள் முன்னால் உட்கார்ந்து வழி பார்க்க, கப்பல்கள் போகிற வாய்க்காலின் ஓரமாகவே கொச்சிக்குள் நுழைந்தார்கள். ஒரு பெரிய கப்பல் இவர்களைப் பார்த்து ஹாரன் அடித்தது. விலகு என்றுதான் அடித்திருப்பான். பழனாத்தாள் வணக்கம் வைத்தாள்.

மாசி நோம்பிக்கு அழைப்பு வரவில்லை. அழைப்பில்லாமலே போனாள். பச்சைப் பட்டு உடுத்தி, பூத்தட்டு ஏந்தி, தன் குடும்பம் நிற்கிற வரிசையில் அண்ணிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். கமிட்டிக்காரர்கள் மோகனசுந்தரத்தின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் சாமியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூசாரி எல்லோருக்கும் கொடுத்த மாதிரியே அவளுக்கும் திருநீறு கொடுத்தார். அண்ணன் இன்றைக்கு வரைக்கும் அவளோடு பேசுவதில்லை. அவளும் போய்க் கெஞ்சவில்லை.

இந்த வருஷம் கொல்லம் வரைக்கும் போகிறார்கள். கயிற்றுக் கொட்டகையில் வேலை செய்யும் கருப்பாத்தாள் தானும் வருவதாக ஒற்றைக்காலில் நிற்கிறாள். அவளுக்கு நீச்சல் தெரியாது. தினமும் காலையில் வேலை தொடங்குவதற்கு முன்னால் பழனாத்தாள் அவளைத் தோப்புக் கிணற்றில் இறக்கி, இடுப்பில் கயிறு கட்டி, கை கால் அடிக்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.